வழக்குக்குப் போகும் முன் தட்ட வேண்டிய வாசல்கள்

"விட மாட்டேன், கோட்டில் சந்திக்கிறேன்" என்ற சொல் நம் வீடுகளில் எவ்வளவு எளிதாக வந்து விடுகிறது! வேலித் தகராறு என்றாலும் சரி, கொடுத்த கடன் திரும்பவில்லை என்றாலும் சரி, வாப்பா விட்டுச் சென்ற வளவைப் பங்கு வைக்கும் பிரச்சினை என்றாலும் சரி, கோபம் ஏறியதும் அந்தச் சொல்தான் முதலில் வருகிறது. ஆனால் சொன்னவர் எவரும் அந்த நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை. இந்த வழக்கு எத்தனை வருடம் போகும்? எவ்வளவு செலவாகும்? வென்றால் கையில் என்ன மிஞ்சும்? தோற்றால் யாருடைய முகத்தில் விழிப்பது?

உரிமையை விட்டுக் கொடுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீதிமன்றம் நமக்குத் தேவை. சில விஷயங்களுக்கு அதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆனால் அது கடைசி வாசலாக இருக்க வேண்டியது. நம்மில் பலர் அதையே முதல் வாசலாக்கிக் கொள்கிறோம். அதற்கு முன் நம் நாட்டுச் சட்டமே திறந்து வைத்திருக்கும் மற்ற வாசல்களை அறியாமலே இருந்து விடுகிறோம். அவற்றைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

வழக்கு நம்மிடம் கேட்பவை

வழக்குச் செலவு என்றதும் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணம் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. அது செலவின் ஒரு பகுதிதான். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு தொகை. உறுதிகளின் பிரதிகளுக்கும் காணிப் பதிவகத்தில் தேடுவதற்கும் ஒரு தொகை. நில அளவையாளருக்கு ஒரு தொகை. இதற்கு மேல் அன்றைய நாள் கூலி, பஸ் செலவு, கடையைப் பூட்டிய நட்டம். இத்தனைக்கும் பிறகு அன்று நீதிமன்றத்தில் நடந்தது "அடுத்த தவணை" என்ற இரண்டு வார்த்தையாக மட்டும் இருக்கலாம்.

வென்றவருக்குச் செலவுத் தொகை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது சட்டத்தில் குறித்த அளவின்படி கணக்கிடப்படும் தொகை. நீங்கள் உண்மையில் செலவழித்ததை அது ஈடு செய்வது அரிது.

அடுத்தது காலம். மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்து விட்டது என்று மூச்சு விட முடியாது. மாகாணத்தின் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் இருக்கிறது. அனுமதி கிடைத்தால் அதற்கு மேல் உயர் நீதிமன்றமும் இருக்கிறது. இடையில் வழக்காளியோ எதிராளியோ மௌத்தாகி விட்டால் அவருடைய வாரிசுகளை வழக்கில் சேர்க்க வேண்டும். வாப்பா தொடங்கிய வழக்கை மகன் நடத்துவதையும், மகன் நடத்தியதைப் பேரன் முடிப்பதையும் நம் ஊர்களில் கண்டிருக்கிறோம் அல்லவா?

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. காணிப் பங்கு பிரிப்பு வழக்கை, 'பார்ட்டிஷன் கேஸ்' என்று நாம் சொல்வதை, 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் நடத்துகிறது. வழக்குத் தொடங்கி அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட பிறகு, இறுதி முடிவு வரும் வரை எந்தப் பங்காளியும் தன் பிரிக்கப்படாத பங்கை விற்கவோ, குத்தகைக்குக் கொடுக்கவோ, ஈடு வைக்கவோ முடியாது. அப்படிச் செய்தால் செல்லாது என்கிறது அச்சட்டத்தின் 66ஆம் பிரிவு. மகளின் கலியாணத்துக்கோ மகனின் படிப்புக்கோ அந்தக் காணியை நம்பியிருந்தவர் என்ன செய்வார்? காணி இருக்கும், ஆனால் கைக்கு உதவாது.

நான்காவது, உறவு. வழக்கில் நாம் ஒரு பக்கம், கூடப் பிறந்தவர் மறு பக்கம். சாட்சிக் கூண்டில் ஏறி நானாவைப் பொய்யன் என்று சொல்ல வேண்டி வரும். தாத்தாவின் மருமகனைத் திருடன் என்று சொல்ல வேண்டி வரும். அந்த வார்த்தைகள் வழக்குப் புத்தகத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை. பெருநாள் அன்று யார் வீட்டுக்குப் போவது என்ற கேள்வியிலும் அவை எழுதப்படுகின்றன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். குடும்பம் இரண்டுபட்டால் கொண்டாடுவதற்குப் புறோக்கர்கள் காத்திருக்கிறார்கள்.

இருபது பேர்ச்சஸ் வளவு

வெறும் பேச்சாக இல்லாமல் ஒரு கணக்கைப் பார்ப்போம். இது உதாரணத்துக்காக அமைத்த குடும்பம். ஒருவர் மௌத்தாகி விட்டார். அவருடைய பெற்றோர் முன்னரே காலமானவர்கள். மனைவி, இரண்டு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள் இருக்கிறார்கள். சொத்து ஒரு வீடும் 20 பேர்ச்சஸ் வளவும். கடனோ மரண சாசனமோ இல்லை.

1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமற்ற வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பங்கு நம் மார்க்கச் சட்டப்படி போகும். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி எட்டில் ஏழு பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில். ஆக, உம்மாவுக்கு எட்டில் ஒன்று, ஆண் மக்கள் ஒவ்வொருவருக்கும் எட்டில் இரண்டு, பெண் மக்கள் ஒவ்வொருவருக்கும் எட்டில் ஒன்று. நிலமாகப் பார்த்தால் உம்மாவுக்கு 2.5 பேர்ச்சஸ், மகன்மாருக்கு 5 பேர்ச்சஸ் வீதம், மகள்மாருக்கு 2.5 பேர்ச்சஸ் வீதம். கூட்டிப் பாருங்கள், 20 சரியாக வரும். இதில் சண்டைக்கே இடமில்லை. பங்கு தெளிவானது.

சண்டை வருவது எங்கே? நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் புதிதாகப் பிரிக்கும் துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, அதாவது சுமார் 6 பேர்ச்சஸுக்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் ஆறு பேரில் ஒருவருக்குக் கூட 6 பேர்ச்சஸ் தேறவில்லை. நடுவில் வீடு வேறு நிற்கிறது. இந்த வளவை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனால் என்ன நடக்கும்? பிரிக்க முடியாத காணியை விற்பதற்குத்தான் கட்டளை வரும். மதிப்பிட்டு, முதலில் பங்காளிகளுக்குள் விலை கேட்பார்கள். அதில் முடியாவிட்டால் பகிரங்க ஏலம். உம்மா வாழ்ந்த வீட்டின் முன்னால் ஏலக்காரர் நிற்பார்.

இதில் நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. பங்கு பிரிப்பு வழக்கில் சட்டம் அவருக்கு முக்கியமாகக் கொடுத்திருப்பது இரண்டு வழிகளை: ஒன்று பிரிப்பது, மற்றது விற்பது.

இப்போது அதே ஆறு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் என்ன செய்யலாம் என்று பாருங்கள். வீட்டையும் சேர்த்துச் சராசரியாகப் பேர்ச்சஸ் ஒன்று 5 இலட்சம் ரூபா என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 100 இலட்சம். மூத்த மகன் உம்மாவோடு அந்த வீட்டிலேயே இருக்கிறார். இளையவருக்கு வியாபாரத்துக்குக் காசு வேண்டும். மகள்மாருக்கும் நிலத்தை விடக் காசே தேவை. ஒழுங்கைப் பக்கமாக 6 பேர்ச்சஸை மட்டும் பிரித்து விற்றால் 30 இலட்சம். வீடும் 14 பேர்ச்சஸும் மூத்தவரிடமும் உம்மாவிடமும் நிற்கும். இளையவருக்குச் சேர வேண்டியது 25 இலட்சம், மூன்று சகோதரிகளுக்கும் சேர்த்து 37.5 இலட்சம். மொத்தம் 62.5 இலட்சத்தில் 30 இலட்சம் உடனே கிடைக்கிறது. மீதி 32.5 இலட்சத்தை மூத்தவர் தவணை முறையில் கொடுக்க ஒப்புக்கொள்கிறார். அதற்குப் பிணையாக அந்தக் காணியே ஈடு. சொன்ன தவணையில் கொடுக்காவிட்டால் முழுக் காணியும் விற்கப்படும் என்று எழுதிக் கொள்கிறார்கள். உம்மா கண் மூடும் வரை அவரை யாரும் வீட்டிலிருந்து எழுப்ப முடியாது என்பதும் அதே உறுதியில் இருக்கிறது.

பங்கில் ஒரு சதமும் யாருக்கும் குறையவில்லை. மகள்மாரின் உரிமை விட்டுக் கொடுக்கப்படவில்லை. ஆனால் வீடு ஏலத்துக்குப் போகவில்லை. இப்படி ஒரு தீர்வு பேச்சுவார்த்தை மேசையில்தான் பிறக்கும்.

ஒன்றை மறந்து விடாதீர்கள். காணி விஷயத்தில் என்ன பேசி முடித்தாலும், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிஸின் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுதி முடித்தால்தான் காணி கைமாறும். வாய்ப் பேச்சுக்கும் வெறும் கடதாசிக்கும் அங்கே பெறுமதி இல்லை. கிழக்கில் மகளுக்கு வீடு கொடுக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். "இது உனக்குத்தான் மகள்" என்று சொல்லி விட்டு உறுதி முடிக்காமல் போன வீடுகள்தான் பின்னர் வழக்குக் கட்டுகளாக மாறுகின்றன. பங்காளிகளில் வயது வராத பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் பங்கை மற்றவர்கள் பேசி முடித்து விட முடியாது. சட்டத்தரணியின் ஆலோசனை அங்கே அவசியம்.

அபூதாவூதில் ஒரு சம்பவம் வருகிறது. பழைய வாரிசுச் சொத்து ஒன்று பற்றி, சாட்சி எதுவும் இல்லாத இரண்டு பேர் நபி (ஸல்) அவர்களிடம் வழக்குக் கொண்டு வந்தார்கள். தாம் கேட்பதை வைத்தே தீர்ப்புச் சொல்வதாகவும், பேச்சுத் திறமையால் ஒருவர் தன் சகோதரனின் உரிமையைப் பெற்றுக் கொண்டால் அவர் பெறுவது நெருப்புத் துண்டே என்றும் நபியவர்கள் எச்சரித்தார்கள். இருவரும் அழுது, "என் உரிமை என் சகோதரனுக்கே" என்றனர். அப்போது நபியவர்கள் சொன்னது என்ன? இருவரும் போய், நியாயத்தை நாடிப் பங்கு வைத்து, சீட்டுப் போட்டு எடுத்துக் கொண்டு, ஒருவரையொருவர் பொருந்திக் கொள்ளுங்கள் என்றார்கள். அழுததோடு விஷயத்தை முடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரிக்கும் முறையையும் சேர்த்தே காட்டினார்கள்.

மத்தியஸ்த சபை

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் அமைக்கப்பட்டன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முன்னர் இருந்த இணக்க சபைகளின் பெயரையே பலர் இன்றும் இதற்குச் சொல்கிறார்கள். ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவொன்று இச்சபைகளைப் பார்த்துக் கொள்கிறது. மத்தியஸ்தர்கள் சம்பளக்காரர்கள் அல்லர். பயிற்சி பெற்ற தொண்டர்கள். பெரும்பாலும் சனி, ஞாயிறில், ஒரு பாடசாலை வகுப்பறையிலோ பொது மண்டபத்திலோ சபை கூடுகிறது. நீதிமன்றத்தின் அச்சமூட்டும் சூழல் அங்கே இல்லை.

நடைமுறை எளிமையானது. உங்கள் பிரதேசத்துச் சபையின் தவிசாளருக்கு, பிரச்சினையை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். மறு தரப்புக்கு அறிவித்தல் போகும். சபையின் பட்டியலிலிருந்து நீங்கள் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யலாம், மறு தரப்பு ஒருவரைத் தெரிவு செய்யலாம், அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். உங்களுக்காகச் சட்டத்தரணி வந்து பேச முடியாது. உங்கள் கதையை உங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். நம் பெண்களுக்கு இது கஷ்டமாகத் தோன்றலாம். ஆனால் பலருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறுக்கீடு இல்லாமல் பேசக் கிடைக்கும் இடமும் அதுவே.

மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இதை நன்றாக விளங்கிக் கொள்ளுங்கள். "நீ சரி, அவன் பிழை" என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இருவரும் ஏற்றுக் கொள்ளும் முடிவைக் கண்டுபிடிக்க உதவுவதுதான் அவர்களின் வேலை. உங்களுக்குப் பிடிக்காத முடிவில் கையெழுத்து வைக்குமாறு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அங்கே நீங்கள் சொன்னதைப் பின்னர் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகச் சாட்சியமாக்கவும் முடியாது. ஆகவே மனம் திறந்து பேசலாம்.

இணங்கினால் இணக்கப்பாடு எழுதப்பட்டு, இரு தரப்பும் கையெழுத்து வைத்து, பிரதி கொடுக்கப்படும். இணங்காவிட்டால் 'இணக்கமின்மைச் சான்றிதழ்' தரப்படும். குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பல வகைப் பிணக்குகளில் இந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. 1988இல் அந்த எல்லை 25,000 ரூபாவாக இருந்தது. 2016ஆம் ஆண்டின் திருத்தத்தில் அது 500,000 ரூபாவாக உயர்ந்தது. இத்தொகை காலத்துக்குக் காலம் உயர்த்தப்படுவது என்பதால், போகும் போது அன்றைய எல்லையைச் சபையிலேயே கேட்டுக் கொள்ளுங்கள். எல்லைக்கு மேற்பட்ட பிணக்கையும் விரும்பினால் கொண்டு போகலாம். எல்லை என்பது கட்டாயத்துக்கு மட்டுமே. அரசாங்கம் ஒரு தரப்பாக உள்ள விவகாரங்களுக்கு இந்த வழி பொருந்தாது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நீங்களாகச் சபைக்குப் போய்ச் செய்து கொண்ட இணக்கப்பாடு நீதிமன்றத் தீர்ப்பைப் போன்றதல்ல. மறு தரப்பு அதை மீறினால் திரும்பவும் சபையிடம் போக வேண்டும். அங்கும் சரிவராவிட்டால் சான்றிதழோடு நீதிமன்றம் போக வேண்டும். அதனால்தான், "கொடுப்பேன்" என்று எழுதுவதை விட "இன்ன திகதியில் இவ்வளவு, அன்றே இன்ன ஆள் கையில்" என்று எழுதுவது நல்லது.

ஏற்கனவே வழக்கு நடக்கிறதா? அப்போதும் கதவு மூடவில்லை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 408ஆம் பிரிவின்படி, வழக்கின் எந்தக் கட்டத்திலும் இரு தரப்பும் இணங்கி, அந்த இணக்கத்தை நீதிமன்றத்துக்கு அறிவித்து, அதையே தீர்ப்பாணையாகப் பெறலாம். பத்து வருடம் போன வழக்குக் கூட ஒரு நல்ல பின்னேரப் பேச்சில் முடிந்து விடலாம்.

பள்ளிவாசல் பேச்சு

நம் ஊர்களில் சிறு தகராறுகள் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு வருவது பழைய வழக்கம். நல்ல வழக்கமும் கூட. இரண்டு பேரையும் அறிந்தவர்கள், பிரச்சினையின் வேரை அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். கஃப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வர வேண்டிய கடனைப் பள்ளியில் வைத்துக் கேட்கப் போய்ச் சத்தம் உயர்ந்த சம்பவம் புகாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டுத் திரையை விலக்கி, பாதியை விட்டுக் கொடுக்குமாறு சைகை காட்டினார்கள். அவர் ஒப்புக்கொண்டார். உடனே மற்றவரிடம், எழுந்து போய் மீதியைக் கொடுத்து விடு என்றார்கள். கடன் கொடுத்தவருக்கு மட்டும் உபதேசம் செய்து விட்டு, கடன்காரரைச் சும்மா விடவில்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் பாதி இந்த இரண்டாம் பகுதியை மறந்து விடுகின்றன.

வேறு குறைகளும் உண்டு. செல்வாக்குள்ளவரின் பக்கம் சாய்வது ஒன்று. சகோதரியின் பங்கு பற்றிப் பேசும் போது சகோதரியே அங்கே இல்லாமல் இருப்பது மற்றொன்று. "தங்கச்சி ஒன்றும் கேட்க மாட்டா" என்று நானாமார் சொல்வதைக் கேட்டு எழுதிக் கொள்வது சமாதானம் ஆகாது. விட்டுக் கொடுப்பது என்றால், தன் பங்கு எவ்வளவு, அதன் பெறுமதி எவ்வளவு என்று அறிந்த பின் மனம் விரும்பிச் செய்வது. ஹலாலை ஹராமாக்கும், ஹராமை ஹலாலாக்கும் சமாதானம் செல்லாது என்பது ஹதீஸில் வந்த விதியும் அல்லவா?

ஆகவே பள்ளியில் பேசுங்கள். ஆனால் உரிமையுள்ள எல்லோரும் வந்திருக்க வேண்டும், பெண்கள் உட்பட. முடிவை எழுதுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. எழுத்துக்கு மார்க்கம் கொடுத்த பெறுமதி அவ்வளவு.

கணவன் மனைவி பிணக்கில் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை நியமிக்கும் வழியை ஸூரதுன் நிஸா காட்டுகிறது. காதி நீதிமன்றத்துக்கு ஓடும் முன் அதைச் செய்து பார்க்க எத்தனை குடும்பங்கள் முன்வருகின்றன?

வியாபாரிகளுக்கு: நடுத்தீர்ப்பு

மத்தியஸ்தம் வேறு, நடுத்தீர்ப்பு வேறு. மத்தியஸ்தர் வழி காட்டுவார். நடுத்தீர்ப்பாளர் தீர்ப்பே சொல்வார், அது இரு தரப்பையும் கட்டும். 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் இதற்கு உரியது. கூட்டு வியாபாரம், கட்டட ஒப்பந்தம், இறக்குமதி போன்றவற்றில் "எங்களுக்குள் பிணக்கு வந்தால் நடுத்தீர்ப்பு மூலம் தீர்ப்போம்" என்று எழுத்தில் உடன்பட்டிருந்தால், ஒரு தரப்பு நீதிமன்றம் போனாலும் மறு தரப்பு அதைக் காட்டித் தடுக்கலாம்.

இதன் நன்மை, அந்தத் தொழிலை அறிந்த ஒருவரையே நடுவராக வைக்கலாம். கட்டடச் சண்டைக்குப் பொறியியலாளர், கணக்குச் சண்டைக்குக் கணக்காளர். விசாரணை பகிரங்கமாக நடப்பதில்லை. வியாபார இரகசியம் சந்திக்கு வராது. தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்பதென்றால் அது கிடைத்து 60 நாட்களுக்குள் மேல் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். அதற்குரிய காரணங்களும் சிலவே: முறையான அறிவித்தல் கொடுக்காதது, கேட்காத விஷயத்துக்குத் தீர்ப்புச் சொன்னது, பொதுக் கொள்கைக்கு மாறானது போன்றவை. "நடுவர் பிழையாக யோசித்தார்" என்பதற்காக மேன்முறையீடு இல்லை. இது நன்மையும்தான், ஆபத்தும்தான். தவறான ஆளைத் தெரிவு செய்தால் தவறோடு வாழ வேண்டும்.

வென்றவரும் தூங்கி விடக் கூடாது. தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் விண்ணப்பத்துக்கும் சட்டம் காலம் குறித்திருக்கிறது. நடுவர்களின் கட்டணத்தைத் தரப்பினரே செலுத்த வேண்டும் என்பதால் சிறு தொகைகளுக்கு இது பொருந்தாது. பெரிய வர்த்தகப் பிணக்கில் பேசித் தீர்க்க விரும்புவோருக்கு, 2000ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வர்த்தக மத்தியஸ்த நிலையமும் உண்டு.

காணியை வைத்துக் கடன் பட்டவர்களுக்கு

காணியை ஈடு வைத்து அல்லது 'நிபந்தனை உறுதி' எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கிச் சிக்கியவர்களுக்கு வேறொரு வாசல் இருக்கிறது. 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ள கடன் இணக்க சபை அது. கடன் கொடுத்தவரையும் வாங்கியவரையும் அழைத்து, தவணை முறையில் தீர்க்க வழி செய்வது அதன் வேலை. ஆனால் நிபந்தனை உறுதியில் காணியை மீட்பதற்குக் குறித்த காலம் முடிவதற்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். காலம் கடந்து அழுது பயனில்லை. உறுதியில் உள்ள திகதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

பேசும் போது மணிக்கூடு நிற்பதில்லை

சமாதானம் பேசுவோர் செய்யும் பெரிய தவறு இது. "பேசிக் கொண்டுதானே இருக்கிறோம்" என்று வருடங்களை விட்டு விடுகிறார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு 6 வருடமும், வாய் மூல ஒப்பந்தத்துக்கு 3 வருடமும், கடையில் கொடுத்த சாமான் கடனுக்கு ஒரு வருடமும்தான் வழக்குத் தொடரும் காலம். மத்தியஸ்த சபையில் பிணக்கு நிலுவையில் இருக்கும் காலம் இதில் சேராது. ஆனால் வீட்டுத் திண்ணையில் பேசிய காலம் சேரும். எனவே பேச்சைத் தொடங்கும் போதே, கடன் இருப்பதை ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள். அந்த எழுத்திலிருந்து காலம் புதிதாக எண்ணப்படும்.

காணியில் 10 வருட ஆட்சி பற்றி எல்லோரும் பேசுவார்கள். கூட்டுப் பங்காளிகளுக்குள் அது அவ்வளவு எளிதல்ல. ஒரு பங்காளி தனியே அனுபவித்தாலும் அது மற்றப் பங்காளிகளுக்காகவும் அனுபவிப்பதே என்று கொரெயா எதிர் ஈசெரிஸ் அப்புஹாமி வழக்கில் 1911இல் பிரிவுக் கவுன்சில் தீர்த்தது. சகோதரிகளின் பங்கை விழுங்க நினைப்போருக்கு அது பதில். ஆனால் மிக நீண்ட காலம் எவரும் கேட்காமல் விட்டால் நிலை மாறலாம் என்பதற்கு 1918ஆம் ஆண்டின் திலகரத்ன எதிர் பஸ்டியன் தீர்ப்பு இருக்கிறது. ஆகவே சகோதரிகளே, "நானாதானே" என்று தலைமுறைக் கணக்கில் மௌனமாக இருந்து விடாதீர்கள். சண்டை பிடிக்க வேண்டியதில்லை. எழுத்தில் கேட்டு வைத்தாலே போதும்.

சமாதானம் பேசக் கூடாத இடங்கள்

எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாம் என்பதும் ஆபத்தான எண்ணமே. வீட்டில் அடி உதை நடக்கும் போது "பொறுத்துக் கொள் மகள்" என்று சொல்வது மத்தியஸ்தம் ஆகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கள்ள உறுதி எழுதியிருந்தாலும், காணியை இன்றோ நாளையோ விற்கப் போகிறார் என்று தெரிந்தாலும், உடனே சட்டத்தரணியைப் பாருங்கள். தடையுத்தரவு தர நீதிமன்றத்தால்தான் முடியும்.

பலாத்காரமாகக் காணியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் நாட்களை எண்ண வேண்டும். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, அமைதிக் குலைவு பற்றிய தகவல் நீதிமன்றத்தில் தாக்கலாவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் வெளியேற்றம் நடந்திருந்தால்தான் அங்கே ஆட்சியைத் திரும்பக் கேட்க முடியும். பேச்சு வார்த்தை என்று மூன்று மாதம் இழுத்தடிப்பவர் ஏன் இழுக்கிறார் என்பது இப்போது விளங்குகிறதா?

கையில் காசில்லை என்பதற்காக உரிமையை விடவும் வேண்டாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட ஆலோசனையும் வழக்குப் பேச உதவியும் செய்கிறது.

மேசைக்குப் போகும் முன்

எந்த வாசலைத் தட்டினாலும் சில ஆயத்தங்களோடு போங்கள்.

1. உறுதி, வரைபடம், மரண அத்தாட்சி, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோவையில் சேர்த்து, பிரதி எடுத்து வையுங்கள். மூலப் பிரதியை யார் கையிலும் கொடுத்து விட்டு வராதீர்கள்.

2. காணியென்றால் தகுதியான மதிப்பீட்டாளர் ஒருவரிடம் பெறுமதியைக் கேளுங்கள். அயலவர் சொல்லும் விலையில் பங்கு வைக்க வேண்டாம்.

3. உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். காசா, நிலமா, இருக்க ஒரு வீடா, அல்லது ஒரு மன்னிப்பு வார்த்தையா? பல வழக்குகள் கடைசியாகச் சொன்னதில்தான் தொடங்கியிருக்கும்.

4. சமாதானத்துக்கு முன்னர் ஒரு தடவை சட்டத்தரணியிடம் ஆலோசனை கேளுங்கள். வழக்குப் போடத்தான் அவரிடம் போக வேண்டும் என்றில்லை. வழக்கைத் தவிர்க்கவும் அவர் உதவுவார்.

5. முடிவில் திகதி, தொகை, தவறினால் என்ன என்பது மூன்றும் இருக்கட்டும். வாசித்து விளங்கிய பின் கையெழுத்து வையுங்கள். காணியென்றால் தாமதிக்காமல் நொத்தாரிஸிடம் போங்கள்.

வாசகர்களே, வாப்பாவின் பெயரில் இன்னும் பிரிக்காமல் கிடக்கும் வளவு உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். இன்று எல்லோரும் பேசிக் கொள்கிறீர்கள். உம்மாவும் உயிரோடு இருக்கிறார். பங்காளிகள் ஆறு பேர்தான். இன்னும் இருபது வருடம் போனால் அது முப்பது பேராகும். அவர்களில் பாதிப் பேருக்கு மற்றப் பாதியின் முகமே தெரியாது. அப்போது நீதிமன்றத்தைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்காது. வரும் விடுமுறையில் எல்லோரும் கூடும் போது அந்த உறுதிக் கட்டை மேசைக்கு எடுத்து விடுங்கள்.